துருவும் பளபளப்பும்: பழைய கத்திகளைச் செப்பனிடுவது பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறவன் கத்தி தீட்டிக்கொண்டிருக்கிறான் என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் பாதி உண்மைதான். ஆறேழு வருஷமாகப் பழைய கத்திகளை வாங்கித் துரு நீக்கி, பிடி மாற்றி, உறையைச் சரிசெய்து வைப்பதை ஒரு பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். இதை ஏன் ஒரு விமர்சனப் பத்திரிகையில் எழுத வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. கட்டுரை முடிவதற்குள் பதில் சொல்லிவிட முடியும் என்று நம்புகிறேன்.

திருவண்ணாமலையில் கோயிலைச் சுற்றிய வீதிகளைத் தாண்டி வெளியே வந்தால் காயலான் கடைகள் உண்டு. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற லட்சக்கணக்கானோர் கண்ணில் அவை படுவதில்லை. சைக்கிள் ரிம், மோட்டார் பம்பு, உடைந்த கிரில் கம்பிகளுக்கு நடுவே கிளறினால் கொடுவாள், சூரிக்கத்தி, கறிக்கடைக் கத்தி, பாக்குவெட்டி, பல் போன அரிவாள்மனை எல்லாம் கிடைக்கும். எப்போதாவது ஒரு கூர்க்கா குக்ரியும் கிடைக்கும். வட ஆர்க்காட்டுக்காரர்கள் பட்டாளத்துக்குப் போவது தலைமுறை வழக்கம் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. எல்லாம் எடைக்குத்தான். கத்தியின் வயசுக்கோ வேலைப்பாட்டுக்கோ தனி விலை கிடையாது.

அப்படிக் கிடைத்த முதல் குக்ரியை நான் கெடுத்தேன். அதிலிருந்து தொடங்குவதுதான் முறை. பித்தளைப் பூண் போட்ட மரப்பிடி, முதுகு கனத்து வளைந்த அலகு, அடியில் அந்தப் பிரசித்தமான சிறு வெட்டு. உறையோடு கிடைத்தது. உறையின் தோல் வெடித்துத் தையல் பிரிந்து, ஒரு பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தது. நாற்றம் வேறு. உறையை அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரிந்த ஒரு லேத் பட்டறைக்குப் போய் சாணைச் சக்கரத்தில் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. விளிம்பில் மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. அந்த நீலத்தையும் அழகு என்றே நினைத்தேன்.

வெந்த இரும்பின் நீலம் அது. தோய்ச்சல் கொடுத்துப் பதமேற்றிய இரும்பு ஏறத்தாழ 220 டிகிரியில் வைக்கோல் நிறம் கொள்ளும். 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். விளிம்பு அந்தச் சூட்டைத் தொட்டுவிட்டால் கொல்லன் ஏற்றிய பதம் இறங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. யாரோ ஒருவருடைய உழைப்பைப் பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு, அதற்குச் செப்பனிடுதல் என்று பெயரும் வைத்திருந்தேன்.

2

செப்பனிடுதல் என்றால் என்ன? பழையதைப் புதியதாக்குவதா, பழையதைப் பழையதாகவே நிலைநிறுத்துவதா? கத்திக்கு மட்டுமான கேள்வி அல்ல இது. சுவடியைப் பதிப்பிக்கிறவருக்கும், கூத்தை ‘மீட்டெடுக்கிற’ கலாச்சார நிறுவனத்துக்கும், கல்வெட்டுள்ள சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிற கும்பாபிஷேகக் கமிட்டிக்கும் இதே கேள்விதான்.

புறநானூற்றின் 95-ஆம் பாட்டை நாமெல்லாரும் வகுப்பில் படித்திருக்கிறோம். அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுச் சொல்வது. இங்கே இருப்பவை பீலியும் மாலையும் சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. அவனுடையவையோ முனை முறிந்து கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்வது என்று வாத்தியார் விளக்கினார். தேர்வுக்கும் அதைத்தான் எழுதினோம். அதியமானின் வீரத்துக்குச் சான்று என்பதோடு வாசிப்பு முடிந்துவிடும்.

கத்தியைக் கையில் எடுத்த பிறகு அந்தப் பாட்டில் வேறொன்று தெரிந்தது. அது இரண்டு அரசர்களை மட்டுமல்ல, இரண்டு இடங்களையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஒன்று காட்சிக்கூடம். மற்றொன்று பட்டறை. முதல் இடத்தில் இரும்பின் மேல் நெய் இருக்கிறது, அதாவது துருவைத் தடுக்கும் தொழில்நுட்பம் இருக்கிறது; ஆனால் மனிதன் இல்லை. இரண்டாம் இடத்தில் கொல்லன் இருக்கிறான், பேரில்லாமல்தான். சேகரிப்பாளனுடைய மனசு இயல்பாகத் தொண்டைமான் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நானும் சாய்ந்தேன்.

காட்சிக்கூடத்துக்கும் காயலான் கடைக்கும் உள்ள தூரமும் அதிகமில்லை. 1855-இல் வாரிசு இல்லை என்று தஞ்சை அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலையில் குவிந்துகிடந்தவற்றில் சிறந்தவை என்று தேர்ந்தெடுத்த சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை 1860-களில் உடைத்துப் பழைய இரும்பாகத் தள்ளினார்கள். வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எது கலை, எது கழிவு என்று பிரித்தவர்கள் அந்த ஆயுதங்களைச் செய்தவர்களோ பிடித்தவர்களோ அல்ல. நான் உறையைக் குப்பையில் போட்டதும் அதே பிரிவினைதான், சிறிய அளவில்.

3

இனி செய்முறை. இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் வெறும் கதையளப்பாகிவிடும்.

முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. கத்தியைப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கொல்லன் குத்திய முத்திரை இருக்கலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்ததா, பழைய அரத்தை உருமாற்றியதா என்று சில நேரம் கண்டுபிடிக்கலாம். அரத்தின் வரிகள் பிடியருகே மிச்சமிருக்கும். தேய்மானம் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பிடித்தவர் வலக்கைக்காரரா இடக்கைக்காரரா என்பதுகூடத் தெரியும். பிடியில் கட்டைவிரல் பதிந்த குழி இருக்கும். இதெல்லாம் வாசிப்புதான். அரத்தாலும் உப்புத்தாளாலும் முதலில் அழிந்துபோவது இந்த எழுத்துதான்.

துரு இரண்டு வகை. சிவந்த துரு உயிருள்ளது, ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுகொண்டே போகும். கறுத்து இறுகியிருப்பது இரும்போடு ஒட்டி அதைக் காக்கும். முதலாவதை எடுக்க வேண்டும், இரண்டாவதை விட வேண்டும். பளபளப்பு மோகம் இரண்டையும் சேர்த்துச் சுரண்டிவிடும். மண்ணெண்ணெயிலோ மெல்லிய மெஷின் எண்ணெயிலோ ஓரிரு நாள் ஊறவைத்து, மூங்கில் சிம்பாலோ செப்புத் தகட்டாலோ மெல்லச் சுரண்டினால் சிவப்பு உதிர்ந்துவிடும். புளி, எலுமிச்சை, காடி எல்லாமே துருவைத் தின்னும் என்பது உண்மைதான். நல்ல இரும்பையும் தின்னும் என்பதை மறந்துவிடுகிறோம். அவசரத்துக்கு அமிலம் தொட்டால் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவி உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

குழிகளுக்குள் மிஞ்சுகிற சிவப்புக்கு நான் கடுக்காய் பயன்படுத்துகிறேன். நம்ம ஜவ்வாது மலையிலிருந்து வருகிற அதே கடுக்காய்தான். தட்டிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியபின் துணியால் தடவினால் சிவந்த துரு கொஞ்சம் கொஞ்சமாக நீலக் கறுப்பாக மாறும். கடுக்காயின் துவர்ப்புச் சத்து துருவோடு சேர்ந்து கரையாத ஒரு கறுப்பு உப்பாகிறது. அருங்காட்சியகங்களிலும் இரும்புக்கு இந்தத் துவர்ப்புச் சத்துச் சிகிச்சை உண்டு. எழுதுகிறவர்களுக்கு இது புதுச் சங்கதி அல்ல. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய பழைய மைக்கூட்டில் நடந்ததும் இதுதான். அன்னபேதி என்பது இரும்பின் உப்பு.

பிடி தளர்ந்திருந்தால் புதுப்பிடி போடத் தோன்றும். பெரும்பாலும் தேவையிருக்காது. அலகின் வால் பிடிக்குள் அரக்கும் செங்கல் பொடியும் கலந்த பசையில் உட்கார்ந்திருக்கும். பிடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, வாலை ஒட்டிய இரும்பை மட்டும் மிதமாகச் சுடவைத்தால் அரக்கு இளகிக் கழன்றுவரும். கூர்ப்பக்கத்தை ஈரத்துணியால் சுற்றிவைக்க மறக்கக்கூடாது. பழைய அரக்கை வழித்துவிட்டுப் புதுசு நிரப்பி அழுத்தினால் போதும். கூர் ஏற்றுவது கையால், தண்ணீர் தெளித்த சாணைக்கல்லில், விரலுக்குச் சூடு தெரியாத வேகத்தில். கடைசியாக ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி அழுக்கைச் சேர்க்கும்.

4

கத்தியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்.

குக்ரிக்குப் புது உறை தைத்துக்கொள்ள, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். கத்தியைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: “இன்னாபா, கத்திய மட்டும் எத்துனு வந்துகீற. உறை எங்க?”

“அது மக்கிப்போச்சு தாத்தா. தூக்கிப் போட்டுட்டேன்.”

“மக்கறதுக்கு அது இன்னா எருவா? தோலு தானா மக்காதுபா. பாக்காத வுட்டாத்தான் மக்கும்.” கொஞ்ச நேரம் கழித்து, “தெச்சவன் கை எப்பிடின்னு தையலப் பாத்தா சொல்லிடுவேன். நீ அதையும் போட்டுட்ட” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. என் தாத்தா, அம்மாவின் அப்பா, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். ஆவாரம்பட்டைத் தண்ணீர்த் தொட்டியில் முழங்கால் அளவு இறங்கி நின்று தோலைத் திருப்பிப்போடுகிற வேலை. அவர் காலின் நிறம் கடைசிவரை மாறவில்லை என்று அம்மா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பற்றிப் பேச்சே கிடையாது. படிக்கவைத்ததே அந்த நாற்றத்திலிருந்து தப்பிக்கத்தான். காயலான் கடையில் அந்த உறையை மூக்கைச் சுளித்துக்கொண்டு எறிந்தபோது அந்தப் பொருளில் என் ஆட்கள் கைபட்ட பகுதி எதுவோ அதைத்தான் எறிந்தேன். இந்த ஒரு காரியத்தில் யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

வாளுக்கும் வேலுக்கும் நம் இலக்கியத்தில் இடம் நிறைய. உறையிலிருந்து ‘உருவுவது’ என்ற ஒரு வினையோடு உறையின் பங்கு முடிந்துபோகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்கள் இந்த மாவட்டத்தின் பெரும் சொத்து; தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அவற்றைத் தனி நூலாகவே வெளியிட்டது. வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள், சிலருக்கு இடுப்பில் உறையோடு குறுவாள். மன்னன் பெயர், ஆட்சியாண்டு, தலைவன் பெயர், தொறு மீட்டுப் பட்டவன் பெயர் எல்லாம் கல்லில் இருக்கும். எடுத்தனூர்க் கல்லில் நாய்க்குக்கூடப் பெயர் உண்டு, கோவிவன். ஆயுதம் அடித்தவனுக்கும் உறை தைத்தவனுக்கும் நான் பார்த்த கற்களில் பெயர் இல்லை.

பெயரில்லாமையிலும் படிநிலை இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. இங்கே கொல்லர் கம்மாளர் ஐவரில் ஒருவர், பூணூல் உரிமை கோரியவர். தங்கள் சடங்குகளைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமைக்காகச் சித்தூர் ஜில்லா நீதிமன்றத்தில் வழக்காடி 1818-இல் தீர்ப்புப் பெற்ற சமூகம். தோலைத் தொடுகிறவரோ ஊருக்கு வெளியே. இரும்புக்கு நெருப்பின் தூய்மை, தோலுக்குச் சாவின் தீட்டு என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்தக் குக்ரியே இந்த விளக்கத்தைப் பொய்யாக்குகிறது. நேபாளத்தில் அதை அடிக்கிறவர் காமி சாதி, மரத்தட்டின் மேல் எருமைத்தோல் போர்த்தி உறை தைக்கிறவர் சார்க்கி சாதி. 1854-இன் முலுகி ஐன் என்கிற சட்டத்தொகுப்பு இரண்டு பேரையுமே தீண்டத்தகாதவர் வரிசையில்தான் வைத்தது. அதே நெருப்பு, அதே சம்மட்டி, அதே துருத்தி. இங்கே பூணூல் கேட்கலாம். அங்கே தண்ணீர் தொடக்கூடாது. அப்படியானால் தீட்டு பொருளிலும் இல்லை, தொழிலிலும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்துவிட்டு அப்புறம் காரணத்தைப் பொருளில் ஒட்டுகிறார்கள்.

உறையைக் காப்பாற்றுவது கத்தியைவிடக் கஷ்டம். தண்ணீரில் ஊறவைக்கவே கூடாது. பூஞ்சணத்தை உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் பட்டால் சுருங்கி வெடிக்கும். விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு போதும். அதிகமானால் தோல் தொளதொளத்துத் தையலும் இற்றுப்போகும். தையல் பிரிந்திருந்தால் பழைய துளைகள் வழியாகவே மெழுகிட்ட நூலைக் கோக்க வேண்டும். புதுத்துளை போட்டால் அந்த வரிசையில் தோல் கிழிந்து வரும். பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சில சமயம் சிவந்த தூளாக உதிரும். இதைத் திருப்ப முடியாது, மேலும் உதிராமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். செப்பனிட்டபின் கத்தியை உறைக்குள் போட்டுவைக்கக்கூடாது என்பது புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். தோலில் தங்கும் ஈரமும் உப்பும் அமிலமும் இரும்பைத் துருவேற்றும். பித்தளைப் பூணில் பச்சை பிடிப்பதும் தோலின் கொழுப்பால்தான். உறை, கத்தி எடுத்துச் செல்வதற்கானது. வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

5

கத்தியை ரசிப்பது அத்தனை அப்பாவித்தனமான காரியமா? இல்லை. 1997 ஜூன் 30-ஆம் தேதி மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். தென்மாவட்டங்களில் அரிவாள் என்பது சாதிப் பெருமையின் சின்னமாக சினிமா போஸ்டரிலும் கோயில் வாசலிலும் நிமிர்ந்து நிற்கிறது. என் போன்ற ஒருவன் அதை அழகுப் பொருளாகப் பேசும்போது வெட்டுப்பட்ட உடம்பு மறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. மழுப்பாமல் இதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் இதை வேறுவிதமாகப் பார்க்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்காகச் செய்தவற்றுக்கு விலக்குத் தருகின்றன. ஆக, அளவு மட்டும் போதாது, ‘எதற்காகச் செய்தது’ என்பதும் வேண்டும். கொடுவாளின் நோக்கத்தை வாசிக்கிற அதிகாரம் சோதனைச் சாவடியில் நிற்கிறவரிடம் போய்ச் சேர்கிறது. விறகு பொறுக்கப்போன இருளர் கையில் இருந்தால் அது ஆயுதம். அதே கொடுவாள் என் சுவரில் மாட்டியிருந்தால் கலைப்பொருள். பிரதி ஒன்றுதான், வாசிக்கப்படுகிறவர் வேறு.

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை கொலைகளைத் தொடர்ந்து பெரும் தேடுதல் நடத்தியது. அப்போது பட்டறைக்காரர்கள் கத்தி வாங்குகிறவரின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதிவைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று சொல்லப்பட்டது. “களை வெட்டறவங்கிட்ட போயி அட்ரஸ் கேட்டா நம்பள ஒரு மாதிரி பாக்கறான் சார்” என்றார் எனக்குத் தெரிந்த ஒரு கொல்லர். நாலு வருஷம் கூடக் கழியவில்லை. 2025 ஜனவரியில் சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று அரசு அறிவித்தபோது மேடையெங்கும் பெருமிதம். கொடுமணலின் உருக்கு உலைகள், பாரடே ஆராய்ந்த இந்திய உருக்கு எல்லாம் மறுபடி பேசப்பட்டன. அறிவியல் முடிவுகள் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய கொல்லன் தமிழனாகக் கொண்டாடப்படுகிறான். இன்றைய கொல்லன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். தோல் தொட்டியில் நின்றவன் இரண்டிலும் இல்லை. கவுத்திமலையையும் வேடியப்பன் மலையையும் இரும்புத் தாதுக்காக வெட்டும் திட்டத்தை எதிர்த்து இங்குள்ள கிராமத்து ஜனங்கள் நின்றது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இரும்புப் பெருமை பேசுகிற மேடைகளில் அவர்களுடைய பேச்சும் வருவதில்லை.

மீட்டெடுப்பு அரசியலின் சிக்கல் இதுதான் என்று தோன்றுகிறது. அது பொருளைப் பளபளக்க வைக்கிறது, உறவுகளைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. கத்தி கிடைக்கும், அதை அடித்தவர், தைத்தவர், பிடித்தவர், அதனால் வெட்டுப்பட்டவர் என்ற வரிசை கிடைக்காது.

6

பழைய பொருளைத் தொடுகிற நண்பர்களுக்கு, அது கத்தியோ சுவடியோ பாட்டோ, சொல்ல எனக்கு இருப்பது கொஞ்சம்தான். துரு என்று நினைப்பதில் எது தின்கிறது, எது காக்கிறது என்று பார்த்துவிட்டுக் கைவையுங்கள். இணைந்து கிடைப்பதைப் பிரிக்காதீர்கள், குறிப்பாக நாற்றமடிக்கிற பாதியை. பெயர் தெரியாவிட்டாலும் வேலையை எழுதிவையுங்கள். இப்போது நான் சரிசெய்கிற ஒவ்வொரு கத்தியோடும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். எங்கே கிடைத்தது, இரும்பு என்ன, பிடி என்ன மரம், உறையில் அங்குலத்துக்கு எத்தனை தையல், நூல் என்ன, நான் எதை மாற்றினேன் என்று. தையலை எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான்.

குக்ரிக்கு அவர் புது உறை தைத்துத் தந்தார். நல்ல உறை. காசு வாங்கும்போது, “இது என் கை. அது அவன் கை. ரெண்டும் ஒண்ணுன்னு யார்னா கேட்டா சொல்லிடாத” என்றார். சீட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்: அலகு பழையது, பதம் என்னால் கெட்டது; உறை புதியது, பழைய உறை என்னால் தொலைந்தது.